விலையும் வேலையும்: லண்டன் மின்சாரத்தின் கணக்கு

(லண்டனில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனில் இரண்டு நெருப்புகள் அணைந்தன. நாட்டிங்காம் அருகே ராட்கிளிஃப்-ஆன்-சோர் அனல் மின் நிலையம் உற்பத்தியை நிறுத்தியது. நாட்டின் கடைசி நிலக்கரி மின் நிலையம் அது. அதே நாளில் வேல்ஸின் போர்ட் டால்பட்டில் டாடா ஸ்டீலின் கடைசி ஊதுலையும் அணைக்கப்பட்டது.

ராட்கிளிஃபில் கடைசியாக வேலையில் இருந்தவர்கள் சுமார் 170 பேர். நிலக்கரி மின்சாரத்தை 2025-க்குள் முடிவுக்குக் கொண்டுவருவோம் என்று அரசு 2015 நவம்பரிலேயே அறிவித்திருந்தது. கிடைத்த கால அவகாசத்தில் தொழிற்சங்கங்களும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசின. யாருக்கு மறுபயிற்சி, யாருக்கு வேறிடத்தில் வேலை, நிலையத்தைப் பிரித்தெடுக்கும் பணியில் யார் தொடர்வது என்றெல்லாம் முன்கூட்டியே முடிவாயிற்று. போர்ட் டால்பட்டில் நடந்தது வேறு. இரண்டு ஊதுலைகளும் மூடப்படும் என்ற அறிவிப்பு 2024 ஜனவரியில் வந்தது. ஜூலையில் ஓர் உலை, செப்டம்பரில் மற்றொன்று. நாடு முழுவதும் அந்த நிறுவனத்தில் 2,800 வேலைகள் வரை போகும் என்றது அறிவிப்பு. பழைய உலைகளுக்குப் பதிலாக 125 கோடி பவுண்டில் மின்வில் உலை வருகிறது. அதில் 50 கோடி அரசுப் பணம். ஆனால் அது எரியத் தொடங்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும். எரியும்போதும் பழைய ஆட்கணக்கு அதற்குத் தேவைப்படாது.

காற்றுக்கும் வெயிலுக்கும் மாறினால் செலவு கூடுமா, வேலை பெருகுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒற்றை எண்ணைப் பதிலாக எதிர்பார்க்கிறார்கள். அந்த எண் எந்தக் குடும்பத்தின் நிலையையும் சொல்லாது. செலவு எப்போது, யார் தலையில் விழுகிறது என்பது ஒரு கேள்வி. வேலை எந்த ஊருக்கு, எவ்வளவு முன்னறிவிப்போடு, யார் கைக்கு வருகிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் தீர்மானிப்பவை ஒப்பந்தங்களும் பயிற்சிக் கூடங்களும் அரசின் கால அட்டவணைகளும்தான். இந்த உரை நிறுவ முயல்வது இதைத்தான்.

ஹோல்பர்னில் தொடங்கியது

நிலக்கரி மின்சாரத்தின் வரலாறு இந்த நகரத்தில்தான் தொடங்கியது. 1882 ஜனவரியில், ஹோல்பர்ன் வயடக்ட் 57-ஆம் எண் கட்டடத்தில் எடிசனின் நிறுவனம் ஒரு மின் நிலையத்தை இயக்கியது. கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கிய உலகின் முதல் நிலையம் அது. நியூயார்க்கின் பேர்ல் தெரு நிலையம் அதற்குச் சில மாதம் பிந்தியது. சுற்றியிருந்த தெருவிளக்குகளும் கடைகளும் அதிலிருந்து ஒளி பெற்றன. ராட்கிளிஃப் நின்றபோது அந்த வரலாற்றுக்கு வயது 142.

இடைப்பட்ட காலத்தில் தேம்ஸ் கரையெங்கும் புகைபோக்கிகள் எழுந்தன: பாட்டர்சீ, பேங்க்சைடு, பாதாள ரயிலுக்கென்று செல்சியில் 1905-இல் கட்டப்பட்ட லாட்ஸ் ரோடு. பேங்க்சைடு இன்று டேட் மாடர்ன் கலைக்கூடம். பாட்டர்சீ 2022 முதல் கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த வளாகம்.

கரி மலிவானது என்ற பேச்சை லண்டன் நகரம் 1952 டிசம்பரில் சோதித்துப் பார்த்துவிட்டது. ஐந்தாம் தேதி முதல் ஒன்பதாம் தேதி வரை காற்று அசையவில்லை. வீட்டுக் கணப்புகளிலிருந்தும் மின் நிலையங்களிலிருந்தும் எழுந்த கரிப்புகை பனியோடு கலந்து நகரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. சுமார் 4,000 பேர் இறந்ததாக அன்றைய கணக்கு. பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. நான்கு ஆண்டு கழித்துத் தூய காற்றுச் சட்டம் வந்தது. அந்தச் சாவுகள் எந்த மின் கட்டணச் சீட்டிலும் ஏறவில்லை. குடும்பங்களும் மருத்துவமனைகளும் அந்தச் செலவைச் சுமந்தன. புதிய மின்சாரத்தின் விலையைப் பேசும்போது பழைய மின்சாரத்தின் இந்த விடுபட்ட கணக்கையும் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும்.

பிரிட்டன் கரியை விட்ட வேகம் பலருக்கும் வியப்பளித்தது. 2012-இல் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு கரியிலிருந்து வந்தது. 2013-இல் கரிக்கும் எரிவாயுவுக்கும் கார்பன் வரி வந்தது. 2017 ஏப்ரல் 21 அன்று, 1882-க்குப் பிறகு முதன்முறையாக, ஒரு முழு நாள் கரியில்லாமல் நாடு இயங்கியது. 2024-இல் உற்பத்தியான மின்சாரத்தில் பாதிக்குச் சற்று அதிகம் காற்று, வெயில், உயிர்ம எரிபொருள், நீர் ஆகியவற்றிலிருந்து கிடைத்தது.

செலவு எங்கே விழுகிறது

இந்த மாற்றத்தின் செலவைப் பற்றிய பெரிய கணக்கும் லண்டனில்தான் போடப்பட்டது. பிரிட்டிஷ் கருவூலத்துக்காகப் பொருளியலறிஞர் நிக்கலஸ் ஸ்டெர்ன் 2006 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை அது. காலநிலை மாற்றத்தைத் தடுக்க உலக உற்பத்தியில் ஆண்டுக்கு 1 விழுக்காடு செலவாகும். சும்மா இருந்தால் 5 முதல் 20 விழுக்காடு வரை இழப்பாகும் என்றார். இரண்டே ஆண்டில் அந்த ஒன்றை இரண்டாக உயர்த்தினார். 2025 பிப்ரவரியில் பிரிட்டனின் காலநிலை மாற்றக் குழு புதிய கணக்கைக் கொடுத்தது. 2050 வரை ஆண்டுக்குச் சராசரியாக 2,600 கோடி பவுண்ட் முதலீடு வேண்டும். பெட்ரோலும் எரிவாயுவும் வாங்காததால் மிச்சமாகும் பணத்தைக் கழித்தால் நிகரச் செலவு ஆண்டுக்குச் சுமார் 400 கோடி. நாட்டின் உற்பத்தியில் 0.2 விழுக்காடு.

முதலீட்டுக்கும் நிகரச் செலவுக்கும் நடுவில் உள்ள அந்தத் தூரத்தில்தான் எல்லா வழக்கும் இருக்கிறது. எரிவாயு மின்சாரம் வாடகை வீடு மாதிரி. முன்பணம் குறைவு, ஆனால் வாடகையை ஏற்றுவது வேறொருவர் கையில். காற்றாலை, கடனில் வாங்கிய சொந்த வீடு. முதல் நாளே பெருந்தொகை வேண்டும். வட்டி விகிதம் ஏறினால் திட்டமே ஆட்டம் காணும். கடன் அடைந்தபின் செலவு பராமரிப்பு மட்டும். லண்டனில் மார்ட்கேஜ் கட்டும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

பிரிட்டன் இந்தப் பெருந்தொகையைத் திரட்டிய வழி 15 ஆண்டு விலை ஒப்பந்தம். கடலில் காற்றாலை கட்டுபவருக்கு ஒரு யூனிட்டுக்கு இன்ன விலை என்று அரசு உறுதி தருகிறது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் குறையும் தொகை நுகர்வோரின் கட்டணத்திலிருந்து போகும். மேலே போனால், கூடுதலாகக் கிடைத்ததைக் காற்றாலைக்காரர் திருப்பிக் கட்ட வேண்டும். ஏலத்தில் குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம். 2012 விலைமதிப்பில், 2015 ஏலத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 12 பென்ஸ். 2017-இல் அது 5.75 பென்ஸாக இறங்கியது, 2019-இல் சுமார் 4, 2022-இல் 3.7. ஏழே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

பிறகு காற்று திசை மாறியது. 2023 ஏலத்தில் அரசு வைத்த உச்சவரம்பு 4.4 பென்ஸ். வட்டியும் உருக்கு விலையும் ஏறியிருந்த நேரம்; கடல் காற்றாலைக்கு ஒருவர்கூடக் கேட்க வரவில்லை. ஓர் ஆண்டு வீணானது. 2024-இல் வரம்பை உயர்த்தியபின் 5.9 பென்ஸுக்குப் புதிய ஒப்பந்தங்கள் முடிந்தன. காற்று இலவசம் என்றாலும் காற்றாலைக்கான கடன் இலவசமில்லை என்பதை அரசு காலம் தாழ்த்தி ஏற்றுக்கொண்டது.

வாடகை ஏறினால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் 2022-இல் பார்த்தார்கள். சராசரிக் குடும்பத்தின் ஆண்டு எரிசக்திக் கட்டண வரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுண்ட். 2022 ஏப்ரலில் 1,971. உக்ரைன் போருக்குப் பிறகு அக்டோபருக்கு அறிவித்தது 3,549. அரசு குறுக்கிட்டு அதை 2,500-இல் நிறுத்தியது. வீடுகளுக்கும் தொழில்களுக்கும் தந்த நிவாரணத்துக்கு ஏறத்தாழ 4,000 கோடி பவுண்ட் பொதுப்பணம் போனது. அந்தப் பணத்தில் ஒரு காற்றாலையும் எழவில்லை, ஒரு கூரைக்கும் சூரியத் தகடு ஏறவில்லை. எரிந்து தீர்ந்த எரிவாயுவுக்கான விலை அது.

சிறு கடைக்காரர்களுக்கு அந்த வரம்புகூட இருந்ததில்லை. ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ ஒரு தமிழ்க் கடைக்குள் நுழைந்தால், உறைந்த மீனும் துருவிய தேங்காயும் பரோட்டாவும் அடுக்கிய பெட்டிகள் ஒரு சுவர் நீளத்துக்கு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சுவர்தான் கடையின் மின் கட்டணம். விளக்கை அணைக்கலாம், பெட்டியை அணைக்க முடியாது. பழைய ஒப்பந்தம் அந்த ஆண்டில் முடிந்தவர்கள், புதிய விலையைப் பார்த்துக் கடையைத் தொடர்வதா என்றே யோசிக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டில், விலை ஒப்பந்தத்தில் இருந்த காற்றாலைகள் சந்தையில் கிடைத்த கூடுதல் பணத்தைத் திருப்பிக் கட்டின. ஒப்பந்தம் வேலை செய்தது. ஆனால் சில புதிய காற்றாலைகள் ஒப்பந்தத்தைத் தொடங்கும் தேதியைத் தள்ளிப்போட்டு, மின்சாரத்தைச் சந்தை விலைக்கே விற்றுக்கொண்டன. ஒப்பந்த வாசகம் அதற்கு இடம் தந்திருந்தது. நுகர்வோருக்கு வந்திருக்க வேண்டிய பணம் ஒரு ஷரத்தின் வழியே நழுவியது.

இன்னும் இரண்டு கசிவுகள் உண்டு. ஸ்காட்லாந்தில் காற்று பலமாக அடிக்கும் நாள்களில் அந்த மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவரப் போதிய மின்தடம் இல்லை. அங்கே காற்றாலையை நிறுத்தச் சொல்லிப் பணம், இங்கே எரிவாயு நிலையத்தை ஓட்டச் சொல்லிப் பணம்: 2024-இல் மட்டும் இப்படிப் போனது 100 கோடி பவுண்டுக்கும் மேல். இரண்டாவது, வரிகளின் இடம். பசுமைத் திட்டங்களுக்கான தீர்வைகள் நெடுங்காலம் மின்சாரத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டன. எரிவாயு பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. 2025-இல் வீட்டில் மின்சாரம் யூனிட் சுமார் 27 பென்ஸ், எரிவாயு சுமார் 6 பென்ஸ் என்று இருந்த நிலையில், கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு மின்சார ஹீட் பம்ப் வையுங்கள் என்றால் யார் கேட்பார்கள்? 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் பழைய தீர்வையொன்றின் முக்கால் பங்கைப் பொது வரிக்கு மாற்றுவதாக அறிவித்தார். காற்றாலைத் தொழில்நுட்பத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே, ஒரு வரியின் இடத்தை மாற்றியதால் கட்டணம் குறைகிறது.

வேலை எங்கே இறங்குகிறது

உலகம் முழுவதும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையில் 2023-இல் 1.62 கோடி பேர் வேலை பார்த்ததாக அத்துறைக்கான சர்வதேச முகமையின் கணக்கு சொல்கிறது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சீனாவில். எந்த நாட்டின் கூரையில் தகடு ஏறினாலும் அதைச் செய்த கை பெரும்பாலும் சீனாவில் இருக்கிறது. ஆகவே, மாறினால் வேலை வரும் என்று சொல்லி நிறுத்துவது பாதி உண்மைதான்.

மீதிப் பாதிக்கு ஹல் நகரத்துக்குப் போக வேண்டும். மீன்பிடித் தொழில் 1970-களில் சரிந்தபின் தளர்ந்த துறைமுக நகரம் அது. அங்கே அலெக்சாண்ட்ரா கப்பல்துறையில் சீமென்ஸும் துறைமுக நிறுவனமும் 31 கோடி பவுண்ட் போட்டு, 2016-இல் காற்றாலை இறக்கைத் தொழிற்சாலையைத் திறந்தன. உள்ளே நடப்பது பெரும்பாலும் கைவேலை. இறக்கையின் நீளத்துக்கு ஒரு வார்ப்பு. அதற்குள் தொழிலாளர்கள் குனிந்து நின்று, கண்ணாடியிழைத் துணியை அடுக்கடுக்காக விரித்து, மடிப்பு விழாமல் நீவி, நடுநடுவே எடை குறைந்த பால்சா மரத் துண்டுகளைப் பொருத்துகிறார்கள். பிறகு வார்ப்பை மூடிக் காற்றை உறிஞ்சி, பிசினைச் செலுத்துகிறார்கள். தொடக்கத்தில் செய்த 75 மீட்டர் இறக்கைகள் ஒட்டில்லாமல் ஒரே துண்டாக வெளிவந்தன. ஆயிரம் பேருக்கு மேல் வேலை. பெரும்பாலோர் அந்த வட்டாரத்தவர். 2017-இல் ஹல் பிரிட்டனின் பண்பாட்டு நகரமாக இருந்தபோது, கலைஞர் நயன் குல்கர்ணி அந்த இறக்கை ஒன்றை விக்டோரியா அரசி சதுக்கத்தின் குறுக்கே கிடத்தினார். மக்கள் தங்கள் ஊர்க் கைவேலையைத் தொட்டுப் பார்க்கக் கூட்டமாக வந்தார்கள்.

ஹல் நகரத்துக்குக் கிடைத்தது ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதிக்குக் கிடைக்கவில்லை. கரையிலிருந்து பார்க்கும் தூரத்தில் நியார்ட் நா கீஹா என்ற காற்றாலைத் திட்டம் எழுந்தது. அதன் அடித்தளச் சட்டங்களுக்கான பெரும் ஒப்பந்தம் இந்தோனேசியப் பட்டறைக்குப் போனது. பக்கத்திலேயே மெத்தில், பர்ன்டைலண்ட் பட்டறைகளை நடத்திய பைஃபாப் நிறுவனம் 2020 டிசம்பரில் திவாலானது. மானியத்தைத் தந்தவர்கள் பிரிட்டிஷ் நுகர்வோர்; உள்ளூரில் இவ்வளவு வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் ஒப்பந்தத்தில் இல்லை.

லண்டனின் பெயரைத் தாங்கிய காற்றாலையும் ஒரு பாடம் சொல்கிறது. தேம்ஸ் முகத்துவாரத்துக்கு வெளியே, கென்ட் கரையிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது லண்டன் அரே. 175 காற்றாலைகள், 630 மெகாவாட். 2013 ஜூலையில் திறந்தபோது கடல் காற்றாலைகளில் உலகிலேயே பெரியது. கட்டும்போது திரண்ட ஆட்கூட்டம் கட்டி முடிந்ததும் கலைந்தது. ராம்ஸ்கேட் துறைமுகத்திலிருந்து தினமும் படகேறிப் போய்ப் பராமரிப்பவர்கள் அதில் சிறு பங்கினரே. அவர்களுடையது நல்ல வேலை, நிலைத்த வேலை. ஆனால் கட்டுமான வேலையையும் பராமரிப்பு வேலையையும் ஒரே எண்ணில் கூட்டிச் சொல்லும் எந்த அறிக்கையையும் மக்கள் பிரித்துத்தான் படிக்க வேண்டும்.

கொள்கையின் தடுமாற்றம் வேலையை எப்படிக் கொல்கிறது என்பதற்குச் சூரிய மின்சாரம் சான்று. 2010-இல் தொடங்கிய திட்டத்தில் வீட்டுக் கூரையில் செய்யும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 40 பென்ஸுக்கு மேல் கிடைத்தது. தகடு பொருத்தும் நிறுவனங்கள் ஊர்தோறும் முளைத்தன. மறு ஆண்டே, பொதுமக்கள் கருத்துக் கேட்பு முடியும் முன்பே, டிசம்பர் 12-க்குப் பின் பொருத்துபவர்களுக்கு 21 பென்ஸ் என்று அரசு வெட்டியது. அது சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. 2016-இல் 4.39 பென்ஸாகக் குறைந்து, 2019 மார்ச்சில் திட்டமே மூடப்பட்டது. தகட்டின் விலை வீழ்ந்ததால் மானியம் குறைந்தது நியாயம்தான். படிப்படியாக, முன்கூட்டியே சொல்லிக் குறைத்திருந்தால் பயிற்சி பெற்ற ஆட்கள் துறையை விட்டு ஓடியிருக்க மாட்டார்கள்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. கோவிட் காலத்தில், 2020 செப்டம்பரில், வீடுகளைச் செப்பனிட 150 கோடி பவுண்ட் மானியத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு லட்சம் வீடுகள், 82,500 வேலைகள் என்பது இலக்கு. ஆறே மாதத்தில், 2021 மார்ச் 31-இல், திட்டம் மூடப்பட்டது. தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்தபோது தேறக்கூடியவை 47,500 வீடுகளும் 5,600 வேலைகளும். ஆறு மாதத் திட்டத்தை நம்பி எந்த நிறுவனம் ஒரு பயிற்சியாளரைச் சேர்த்துக்கொள்ளும்?

போர்ட் டால்பட் தொழிலாளர்களின் கோபத்துக்குப் பின்னால் நிலக்கரிச் சுரங்கங்களின் நினைவும் நிற்கிறது. 1920 வாக்கில் இந்நாட்டில் கரி வெட்டியவர்கள் 12 லட்சத்தையொட்டி. 1984-85 வேலைநிறுத்தம் தோற்றபின் சுரங்கங்கள் சரசரவென்று மூடின. 2015 டிசம்பரில் கெல்லிங்லி மூடியதோடு ஆழ்சுரங்கம் முடிந்தது. மாற்று வேலை எதுவும் வராமலே மூடப்பட்ட ஊர்கள் இன்றும் வறுமைப் பட்டியல்களில் இடம்பெறுகின்றன. போர்ட் டால்பட்டின் கோபத்தைப் பசுமைக்கு எதிரான கோபம் என்று எடுத்துக்கொள்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. அவர்களுக்கு இந்த வரலாறு தெரியும்.

இதே டாடா குழுமத்தின் மற்றொரு முகம் திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் தெரிகிறது. டாடா பவரின் சூரியத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் 2024-இல் தொழிற்சாலை திறந்தது. தமிழ்நாடு 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் முதல் காற்றாலைகளை நட்டது; ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை முப்பந்தலில் பிடித்தது; கொங்கு நாட்டு நூற்பாலைகள் தங்கள் மின்சாரத்துக்குத் தாங்களே காற்றாலை வாங்கின. காற்றாலைப் பாகம் செய்யும் பட்டறைகளும் பழகிய கைகளும் அதன் வழியே உருவாயின. இன்று புதிய தொழிற்சாலைகள் அங்கே வருவதற்கு அந்த நாற்பது ஆண்டுப் பழக்கமும் ஒரு காரணம்.

லண்டனுக்குள் இருக்கும் வேலை

லண்டனில் இறக்கை வார்க்க முடியாது. பெரிய சூரியப் பூங்காவுக்கும் இடமில்லை. இங்கே உள்ள வேலை கூரையிலும் சுவரிலும் தரைக்கு அடியிலும் இருக்கிறது. அந்த வேலையைச் சீனாவுக்கோ இந்தோனேசியாவுக்கோ அனுப்ப முடியாது.

பிளாக்ஃபிரையர்ஸ் ரயில் நிலையம் தேம்ஸின் மேலேயே, 1886-இல் கட்டிய பாலத்தில் நிற்கிறது. அதன் கூரையில் 4,400 தகடுகள். 2014-இல் முடிந்த வேலை. கீழே ரயில் ஓடிக்கொண்டிருக்க, அதற்கும் கீழே ஆறு ஓடிக்கொண்டிருக்க, மேலே ஆட்கள் தகடு பொருத்தினார்கள். பிரிக்ஸ்டனின் லஃப்பரோ குடியிருப்பில் 2012-இல் குடியிருப்போரும் அக்கம்பக்கத்தினரும் பங்கு போட்டு, மாநகராட்சி அடுக்ககத்தின் மொட்டை மாடியில் 37 கிலோவாட் தகடுகளை ஏற்றினார்கள். அந்த வட்டார இளைஞர்கள் சம்பளத்தோடு பயிற்சி பெற்றார்கள். வருமானத்தில் ஒரு பங்கு, குடியிருப்போரின் கட்டணத்தைக் குறைக்கும் நிதிக்குப் போகிறது.

இஸ்லிங்டனில் நடப்பது இன்னும் புதுமை. நார்தர்ன் லைன் பாதையில் 1922-இல் மூடிய சிட்டி ரோடு நிலையத்தின் காற்றுப்போக்கித் துளை இன்னும் இருக்கிறது. சுரங்கத்தில் ரயில்களின் பிரேக்கும் மோட்டாரும் கக்கும் வெப்பம் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. 2020 மார்ச்சில் அங்கே பன்ஹில் மையம் இயங்கத் தொடங்கியது. பெரிய விசிறி ஒன்று வெதுவெதுப்பான காற்றை இழுக்கிறது. ஹீட் பம்ப் அந்த வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சுமார் 80 பாகைக்குச் சூடாக்குகிறது. பூமிக்கடியில் குழாய் வழியே 1,350 வீடுகளுக்கும் ஒரு தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு விளையாட்டு மையங்களுக்கும் அது போகிறது. கோடையில் விசிறியைத் திருப்பிச் சுழற்றினால் சுரங்கத்துக்குள் குளிர்ந்த காற்று போகும். குழாய் பதித்தவர்கள், பற்றவைத்தவர்கள், மின்கம்பி இழுத்தவர்கள் எல்லோரும் இந்த நகரத்திலேயே வேலை பார்த்தவர்கள்.

ஆள் போதவில்லை என்பதுதான் இன்றைய சிக்கல். 2028-க்குள் ஆண்டுக்கு ஆறு லட்சம் ஹீட் பம்ப் என்பது 2020-இல் அரசு வைத்த இலக்கு. 2024-இல் விற்றவை ஒரு லட்சத்தை எட்டவில்லை. ஒரு வீட்டுக்கு 7,500 பவுண்ட் மானியம் இருந்தும் இந்த நிலை. 2025 அக்டோபரில் வெளியிட்ட வேலைத் திட்டத்தில், 2030-க்குள் தூய ஆற்றல் துறையில் கூடுதலாக 4 லட்சம் வேலைகள் என்று அரசு சொல்கிறது. அதிகம் தேவைப்படுவோராக அது சொல்பவர்கள் குழாய்த் தொழிலாளர், மின்தொழிலாளர், வெல்டர்.

பழைய தொழிலில் பழகிய கைகளைப் புதிய தொழிலுக்குத் திருப்புவதை ஐம்பது ஆண்டுக்கு முன்பே சிந்தித்தவர்கள் இந்த ஊரில் உண்டு. 1976 ஜனவரியில், ஆட்குறைப்பு அச்சத்தில் இருந்த லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர்கள் நிர்வாகத்தின் முன் ஒரு திட்டத்தை வைத்தார்கள். போர் விமானப் பாகங்களுக்குப் பதிலாகச் செய்யக்கூடிய சுமார் 150 பொருள்களின் பட்டியல்: காற்றாலை, ஹீட் பம்ப், மின்சாரமும் பெட்ரோலும் கலந்து ஓடும் வண்டி. முன்னணியில் நின்றவர்களுள் ஒருவரான மைக் கூலி, வெம்பிளிக்குப் பக்கத்து வில்ஸ்டன் ஆலையில் வடிவமைப்பாளர். நிர்வாகம் திட்டத்தை ஏற்கவில்லை. அன்று அந்தத் தொழிலாளர்கள் செய்ய முன்வந்த பொருள்களைத்தான் இன்று பிரிட்டன் பெருமளவில் இறக்குமதி செய்கிறது.

தமிழர் முன் உள்ளவை

லண்டன் தமிழர்களின் தொழில்களில் இந்த மாற்றம் நேராக வந்து நிற்கும் இடம் பெட்ரோல் நிலையம். இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து, இரவுப் பணியில் கல்லாவில் நின்று, பிறகு நிலையத்தையே வாங்கி நடத்தும் குடும்பங்கள் பல. 1960-களில் இந்நாட்டில் 40,000 பெட்ரோல் நிலையங்கள் இருந்தன. இன்று 8,400 அளவில். பெட்ரோல், டீசல் மட்டும் கொண்டு ஓடும் புதிய கார்களின் விற்பனை 2030-இல் நிற்கிறது. இந்தத் தேதி 2030 என்று அறிவிக்கப்பட்டு, 2023-இல் 2035-க்குத் தள்ளப்பட்டு, மறுபடி 2030-க்கு வந்தது. வங்கிக் கடனில் நிலையம் வாங்கியவருக்கு இந்த ஊசலாட்டமே பெரிய செலவு. விரைவு மின்னேற்றி வைக்கப் பெருந்தொகையும் மின் இணைப்பும் வேண்டும். பெரிய நிறுவனங்கள் அதை எளிதில் திரட்டும், ஒற்றை நிலையக்காரரால் முடியாது. கூட்டாகச் சேர்ந்து கேட்டால் இணைப்புக்கும் கடனுக்கும் பேரம் பேச வழியுண்டு. ராட்கிளிஃப் தொழிலாளர்களுக்கு ஒன்பது ஆண்டு அவகாசத்தோடு ஒரு சங்கமும் இருந்தது என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைகள். மருத்துவர், பொறியாளர், கணக்காளர் என்ற மூன்று வழிகளையே பெற்றோர் காட்டுகிறார்கள். மின்தொழிலாளர் பயிற்சியில் சேரும் பதினெட்டு வயதுப் பிள்ளை கல்விக்கடன் இல்லாமல், சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கிறது. முடித்தபின் லண்டனில் வேலைக்குப் பஞ்சமிருக்காது. அந்தப் படிப்பைக் குறைவாக நினைக்கும் மனப்போக்கு தமிழ்க் குடும்பங்களில் மாறியாக வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கங்கைகொண்டானில் பெண்கள் செய்யும் தொழில் ஹாரோவில் ஏன் முடியாது?

மூன்றாவது, பொதுக் கூரைகள். கோயில்கள், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள், சங்கக் கட்டடங்கள் ஆகியவற்றுக்குச் சொந்தமான கூரைகளைப் பிரிக்ஸ்டன் முறையில் பங்கு திரட்டித் தகடு ஏற்றுவதற்குப் பரிசீலிக்கலாம். ஒரே கட்டடத்தில் தொடங்கினாலும், தகடு ஏற்றும் நாளில் நான்கு இளைஞர்கள் சம்பளத்தோடு பயிற்சி பெற வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். ஃபைஃபில் விடுபட்டது அந்த வரிதான்.

இந்த அறக்கட்டளையிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுதோறும் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் நிதியோடு, மின்தொழில் அல்லது ஹீட் பம்ப் பயிற்சியில் சேரும் ஒருவருக்கு உதவித்தொகையையும் சேர்த்து அறிவிக்கலாம். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவின் மேடையில் அந்தப் பயிற்சியாளரைப் பத்து நிமிடம் பேச அழைத்து, என்ன கற்றார், எங்கே வேலை கிடைத்தது, எவ்வளவு சம்பளம் என்று அவையோர் கேட்கலாம்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. பெட்ரோல் நிலையமும் கடையும் நடத்துவோர் முதலில் பேசினால் பயன் அதிகம்.